ஒன்பதாம் நாள்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
நோய் வளர்க்கிறேன் என்பேன்.
உருளைக்கிழங்குச் சாற்றை அகரோடு காய்ச்சி
கண்ணாடித் தட்டில் ஊற்றி
அழுகிய மிளகாயில் ஒரு நகத்துணுக்கு அளவு வெட்டி வைத்தால்
வெள்ளையாய்ப் படர்ந்து, சாம்பல் பூத்து,
நடுவில் மாம்பழ நிறத்தில் பிசுக்கு கட்டும்.
அழகாகத்தான் இருக்கும்.
ஒடுகத்தூரில் ஏழுமலையின் ஒன்றரை ஏக்கரை
ஐப்பசி மழையில் பத்தே நாளில்
தின்று முடித்தது இதுதான்.

பள்ளிகொண்டாவுக்கு மேற்கே எங்கள் வலைக்கூடம்.
சாயங்காலம் நாலு மணிக்கு மேல்
நாளை விரியப்போகிற மொட்டைப் பிரித்து
மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுப்பவள் சம்பங்கி.
ஐந்தோ ஆறோ இருக்கும்.
ஒன்று தப்பினாலும்
செடி தன்னைத் தானே கட்டிக்கொள்ளும்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்த விரல்கள்,
இடுக்கி பிடித்தால் நடுங்காது.
காலையில் அப்பன் செடியின் தூளைத் தொட்டுவைத்து
காம்பில் நூல் கட்டி, அட்டையில் தேதி எழுதி,
"தாலி கட்டியாச்சு" என்பாள்.
சிரிக்க மாட்டாள்.

அப்பன் வேறு கண்டத்துக்காரன்.
பூவில் மஞ்சள் புள்ளி, காய் கோணல்.
அழுகல் அவனைத் தொட்டதில்லை.
மண்டிக்காரரும் தொடமாட்டார்.

முதல் வருஷம் நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.
காய் பிடித்தது.
அறுத்தால் அத்தனையும் பதர்.
அடுத்த வருஷம்
கரு சாகுமுன் பிஞ்சைக் கீறி
ஊசிமுனை அளவில் கிடந்ததைத் தோண்டி
சர்க்கரைக் கூழில் படுக்கவைத்தேன்.
மூன்று பிழைத்தன.
ஒன்று பூத்தது.

அதை மறுபடி சம்பா மிளகாயோடு.
வந்ததை மறுபடி சம்பாவோடு.
நடுவே ஒரு சித்திரை முழுக்கப் பூ உதிர்ந்து வீணானது.
வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை,
மகரந்தம் வெந்துபோகும் என்பதைத் தவிர.
ஐந்து வருஷம்
நோட்டில் ஒன்றரைப் பக்கம்.

பழுத்த காய்களைக் கழுவி
ஆளுக்கு இரண்டு குத்து, ஒரு சொட்டு நோய்.
ஈரத்துணி விரித்த டப்பாவில் மூடிவைத்து
ஒன்பதாம் நாள் திறக்க வேண்டும்.

திறக்குமுன் வாசனையே பாதி சொல்லிவிடும்.
குழி, குழிக்குள் வளையம்,
வளையம் நெடுகக் கரும்புள்ளி.
அளவுகோல் வைத்து மில்லிமீட்டர் எழுதுகிறேன்.
பதினெட்டு.
இருபத்தொன்று.
இது காயே இல்லை, கூழ்.
பதினாறு.
டப்பா நாற்பத்து மூன்றில்
ஊசி குத்திய தடம்,
அதைச் சுற்றி மச்சம் போல் லேசாய் ஒரு பழுப்பு.
மூடினேன்.
மறுபடி திறந்தேன்.

"இன்னாமா, இதுக்கு நோவு வரலியா?"
"வந்துச்சு. உள்ள போவ முடியல."
"எங்க நாத்துனா வூட்டுக்கு நான் போன மாதிரி கீது" என்றாள் சம்பங்கி.
"வாசப்படியோட அனுப்பிட்டா."

அன்று மதியம் அதே செடியில் ஒரு காய் பறித்து
சோற்றோடு கடித்துவிட்டாள்.
திட்ட வாய் திறந்தேன்.
"காரமே இல்லியே, வெள்ளரிப்பிஞ்சா இது?"
நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.
காரத்துக்கு இன்னும் மூன்று வருஷம்
என்று பக்கத்தில் குறித்தேன்.
அப்புறம் மூன்றை அடித்து நான்கு.

கார்த்திகையில் ஏழுமலை வந்தார்,
மஞ்சப்பையில் நாலு காய்.
"மருந்து அடிச்சும் இப்படி."
வளையங்களின் நிறம் எனக்குப் பழக்கமில்லாதது.
தட்டில் வைத்தேன், பழையது ஒரு வாரத்தில் போன தூரத்தை
மூன்று நாளில் கடந்தது.
நாங்கள் செடி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த ஐந்து வருஷமும்
அதுவும் சும்மா இருக்கவில்லை.

நாற்பத்து மூன்றில் ஆறு காய் மிச்சம்.
இரண்டு குத்து, ஒரு சொட்டு.
ஏழுமலைக்கு விஷயத்தைச் சொன்னேன்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்,
போகவில்லை.

இன்று ஐந்தாம் நாள்.
திறக்கக் கூடாது.
டப்பா விளிம்பில் மூக்கை வைத்து
சம்பங்கி மெல்ல மூச்சிழுக்கிறாள்.